கோழிகள் எங்கே போகும்?

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், கல்லூரியின் பிரதான மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த அறிவுரைகளை நீங்கள் இலவசமாகவே நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது ஒரு கட்டடக்கலைக் கண்காட்சியைப் பற்றி. "நாங்கள்" என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999 உயர்தரப் பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் அந்தக் கண்காட்சியை ஒன்றாகப் பார்த்தோம். அன்றிரவு முழுவதும் அதைப் பற்றியே கதைத்தோம். இந்த உரையையும் தொலைபேசியில் மாறி மாறித் திருத்தினோம். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் பேச்சு மூவருடையது. எங்களில் இருவர் வைத்தியர்கள், ஒருத்தி கணக்காளர். ஆகவே இலக்கங்களில் பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்பது உங்களுக்குத் தெரியும்.

2023ஆம் ஆண்டு கோடையில் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போக நேர்ந்தது. சூரிச்சில் இருப்பவளும் மியூனிக்கில் இருப்பவளும் ரயிலேறி வந்து சேர்ந்தார்கள். இருபது வருடங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் மூவரும் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடித்தோம். அடுத்த நாள் எங்கே போகலாம் என்ற கேள்வி வந்தது. இருவர் அரண்மனை பார்க்கலாம் என்றோம். மூன்றாமவள் ஒரு சுவரொட்டியில் சேலை கட்டிய பாட்டி ஒருவரின் படத்தைக் கண்டதாகவும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படித்தான்.

முன்பு அரச குதிரை லாயங்களாக இருந்து இப்போது அருங்காட்சியகங்களாக மாறியிருக்கும் பெரிய வளாகம் ஒன்று வியன்னாவில் உண்டு. அங்கே இருக்கிறது ஒஸ்திரியக் கட்டடக்கலை மையம். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை அங்கே நடந்த கண்காட்சியின் பெயர் "யாஸ்மின் லாரி: எதிர்காலத்திற்கான கட்டடக்கலை". அதைத் தொகுத்தவர்கள் அங்கெலிகா ஃபிட்ஸ், எல்கே கிராஸ்னி, மார்வி மஸ்ஹர் என்ற மூன்று பெண்கள். சுவரொட்டியில் இருந்த அம்மையார்தான் யாஸ்மின் லாரி, பாகிஸ்தானின் முதற்பெண் கட்டடக்கலைஞர். 1941இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் கட்டடக்கலை படித்து, 1964இல் கராச்சிக்குத் திரும்பித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்.

கட்டடக்கலை பற்றி எங்கள் மூவருக்கும் ஒன்றும் தெரியாது. வரைபடம் ஒன்றைப் பார்த்தால் எது வாசல், எது யன்னல் என்று கண்டுபிடிக்கவே நேரமெடுக்கும். ஆனால் அரை மணித்தியாலத்தில் பார்த்துவிட்டு வெளியேறலாம் என்று நினைத்துப் போனவர்கள், மண்டபத்தை மூடப்போகிறோம் என்று காவலாளி வந்து சொல்லும்வரை அங்கேயே நின்றோம். ஏன் என்று சொல்லத்தான் இந்த உரை.

யாஸ்மின் லாரியின் வாழ்க்கையை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். முதற்பாகத்தில் அவர் பெரிய கட்டடங்கள் கட்டினார். கராச்சியில் உள்ள நிதி வர்த்தக மையமும், பாகிஸ்தான் அரச எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகமும் அவர் வடிவமைத்தவை. கொங்கிறீற், உருக்கு, பளபளக்கும் கண்ணாடி. அந்தக் காலத்திலேயே வேறொரு வேலையும் செய்தார். 1970களின் தொடக்கத்தில் லாகூரில் வறிய மக்களுக்காக அங்கூரி பாக் என்ற குடியிருப்பை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பெண்களிடம் போய், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி: எங்கள் கோழிகள் எங்கே போகும்?

ஒக்ஸ்போர்டில் கோழியைப் பற்றி யாரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அவர் சிரித்துத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் திறந்த வெளி கிடைக்கும்படி, கோழி வளர்க்கவும் மரக்கறி வைக்கவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் இருக்கும்படி, செங்கல்லால் படிப்படியாக மொட்டைமாடிகள் அமைத்தார். ஊரில் கோழி வளர்த்த அம்மாக்களின் பிள்ளைகளான எங்களுக்கு அந்தப் பகுதியிலேயே கண்காட்சி பிடித்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் பாகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி பாகிஸ்தானின் வடபகுதியை 7.6 அளவான நிலநடுக்கம் உலுக்கியது. 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சனிக்கிழமை காலை, அங்கே பாடசாலை நடக்கும் நாள். வகுப்பறைகளின் கனத்த கூரைகள் விழுந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய யாஸ்மின் லாரி மலைப்பிரதேசத்துக்குப் போனார். இடிபாட்டில் கிடந்த கல்லையும் மரத்தையும் எடுத்து, மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து, அங்குள்ள மக்களைக் கொண்டே வீடுகளைத் திருப்பிக் கட்டுவித்தார். வெளியிலிருந்து சீமெந்தும் தகரமும் லொறியில் வந்து சேரும்வரை குளிருக்குள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அந்த மக்களுக்குக் காட்டினார்.

பிறகு 2010இல் சிந்து நதிப் பெருவெள்ளம். அதன் பின் மூங்கிலைக் கையில் எடுத்தார். மூங்கில் மூன்று நான்கு வருடங்களில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். பாரம் குறைந்தது. வளைந்து கொடுக்கும், ஆகவே நிலநடுக்கத்தில் மனிதர்மேல் நொறுங்கி விழாது. மூங்கில் சட்டங்கள் எட்டைத் தரையில் வைத்துக் கட்டி, நிமிர்த்தி, எண்கோணமாக இணைத்து, மேலே கூம்பு வடிவில் கூரை போட்டால் ஒரு வீடு. சுவருக்குச் சுண்ணாம்பு கலந்த மண்பூச்சு. வெறும் மண் வெள்ளத்தில் கரையும், சுண்ணாம்பு கலந்தால் தண்ணீரைத் தாங்கும். வெள்ளம் வரும் இடங்களில் வீட்டை மேடைமீது வைத்தார். பெண்களுக்கான பொது மண்டபத்தை மூங்கில் கால்களின் மேல் உயர்த்தினார், தண்ணீர் கீழால் ஓடிப் போகட்டும் என்று.

2022இல் பாகிஸ்தானில் மீண்டும் வெள்ளம். 3 கோடி 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன அல்லது அழிந்தன. அவருடைய முறையில் சிந்து மாகாணத்தில் கட்டப்பட்ட கிராமம் ஒன்று ஏறத்தாழச் சேதமின்றித் தப்பியது என்று அந்நாட்களில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு, எண்பதைத் தாண்டிய அந்த அம்மையாருக்குப் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கண்ணாடிக் கட்டடங்கள் கட்டிய தன் முதற்காலத்துக்கு இப்போது செய்வது ஒருவகைப் பிராயச்சித்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் அவர் சொல்வது விளங்கும்.

ஆனால் வைத்தியர்களாகிய எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது வீடு அல்ல, அடுப்பு.

வெள்ளம் பாதித்த கிராமங்களில் பெண்கள் தரையில் மூன்று கல்லு வைத்துச் சமைத்தார்கள். புகை முகத்தில் அடிக்கும். மழைத் தண்ணீர் வந்தால் அடுப்பும் போய்விடும், சாப்பாட்டில் அழுக்கும் சேரும். யாஸ்மின் லாரி மண்ணாலும் சுண்ணாம்பாலும் உயரமான மேடை அமைத்து, அதன்மேல் புகைபோக்கியுடன் அடுப்பு வைக்கும் முறையை உருவாக்கினார். சமைப்பவள் மேடையிலேயே நிமிர்ந்து இருக்கலாம். விறகும் குறைவாகவே தேவை. அடுப்புக் கட்டப் பழகிய பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறுதொகை வாங்கிக்கொண்டு மற்றப் பெண்களுக்குப் பழக்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் அடுப்பு மேடையில் பூவும் பறவையும் வரைந்தாள். 2018இல் அந்த அடுப்புத் திட்டத்துக்கு உலக வாழிட விருது கிடைத்தது.

அடுப்புக்குப் போய் விருதா என்று நீங்கள் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் மட்டும் வீட்டுக்குள் எழும் சமையற் புகையால் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். விறகுப் புகையில் உள்ள நுண்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி நிற்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகின்றன. பிள்ளைக்கு நியூமோனியா, தாய்க்குத் தொய்வு, பாட்டிக்கு நாட்பட்ட சுவாச நோய். எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வரும் பெண்களிடம் புகைப்பிடிப்பீர்களா என்று கேட்டால் கோபிப்பார்கள். குசினி எப்படி இருக்கிறது என்று கேட்டால் கதை வரும்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மார்ச் மாத முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. எரிவாயு அடுப்புக்குப் பழகிய வீடுகள் ஒரு கிழமைக்குள் விறகுக்குத் திரும்பின. புகைபோக்கி இல்லாத நவீன குசினிகளில் விறகு எரித்தார்கள். பல வருடங்களாக இழைப்பு இல்லாமல் இருந்த அம்மாக்கள் அந்த மாதங்களில் திரும்ப வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் மருந்தும் போதுமானதாக இருக்கவில்லை. காலநிலையும் சமூகமும் தளம்பும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வியன்னாவில் எழுதி வைத்திருந்ததைப் படித்தபோது, அந்த அம்மாக்களின் முகங்கள்தான் எங்கள் கண்முன் வந்தன.

அப்போதுதான், சுவரொட்டியைக் கண்ட எங்கள் தோழி மெதுவாகச் சொன்னாள்: "இவ மலசலகூடத்தையும் யோசிச்சிருக்கிறா, பாத்தியளே?" உண்மைதான். அடுப்போடு கூடவே, வெள்ளத்தில் மூழ்காதபடி உயர்த்திய மலசலகூடங்களும் அந்தக் கிராமங்களில் கட்டப்பட்டிருந்தன. அவள் ஏன் அதைச் சொன்னாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுடைய அனுமதியோடு உங்களுக்கும் சொல்கிறோம்.

1995 ஒக்டோபர் 30. மழை இரவு. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நாவற்குழியை நோக்கி நடந்தது. எங்களுக்கு அப்போது பதினைந்து வயது. மூவரின் குடும்பங்களும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் ஒதுங்கின. ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள், நடுவில் சேலை கட்டிப் பிரித்த மறைப்பு. வகுப்பறை அரைச்சுவர் வைத்த பழைய கட்டடம். காற்று வரும், வெளிச்சம் வரும், கூரை ஓடு. அந்தக் கட்டடம் எங்களைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இருநூறு பிள்ளைகளுக்கென்று கட்டிய இரண்டு மூன்று மலசலகூடங்கள். அவையும் வளவின் கோடியில், பற்றைக்கு அருகில். லைற் இல்லை, கொளுக்கி இல்லை. இரவில் அங்கே போகப் பயந்து எங்கள் தோழி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். மூன்றாவது கிழமையில் குளிர்காய்ச்சல். சிறுநீரகம் வரை பரவிய தொற்று. அந்த நெருக்கடிக்குள் ஒரு வைத்தியர் அவளைக் காப்பாற்றினார். ஆனால் ஒரு சிறுநீரகத்தில் ஏற்பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. இன்று அவள் வருடந்தோறும் அதற்குப் பரிசோதனை செய்கிறாள்.

ஒரு கொளுக்கியும் ஒரு லைற்றும் இல்லாததன் விலை அது. மருத்துவ பீடத்தில் அந்த நோயைப் படித்தபோது பாடப்புத்தகத்தில் கிருமியின் பெயர் இருந்தது. கொளுக்கி இருக்கவில்லை.

அதற்கு முந்திய வருடங்களையும் நினைத்துப் பாருங்கள். 1990இலும் 91இலும் வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள் நாங்கள் படித்த இதே வகுப்பறைகளில் இருந்தார்கள். நாங்கள் மரத்தடியில் படித்தோம். 2008 நவம்பரில் நிஷா புயல் வெள்ளத்திலும் பாடசாலைகள்தான் புகலிடம். எங்கள் ஊரில் பாடசாலைக் கட்டடம் என்பது ஆபத்து வந்தால் ஊரே ஓடிவந்து ஒதுங்கும் வீடு. இந்த நூறு வருடத்தில் அந்தக் கடமையை எங்கள் கல்லூரி எத்தனை தரம் செய்திருக்கிறது என்பதை இங்கே வெள்ளைத் தலையோடு இருப்பவர்கள் எங்களை விட நன்றாக அறிவீர்கள்.

சுனாமிக்குப் பிறகு, மருத்துவ மாணவிகளாக, வடமராட்சி கிழக்கில் தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போனோம். அவசரத்தில் கட்டிக் கொடுத்தவர்களின் நல்ல மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தகரக் கூரை. மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. பிள்ளைகளின் உடம்பெல்லாம் வேர்க்குரு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலில் இருந்த ஒரு தாய் சொன்னா, "இது பொருள் வைக்கிறதுக்கு நல்லது தங்கச்சி, ஆக்கள் இருக்கிறதுக்குத்தான் சரிவராது" என்று. அந்த வீட்டை வரைந்தவர்கள் அவவிடம் முதலே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கருத்து அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும்.

கேட்பது என்பது வியன்னாவில் கண்டுபிடித்த புதுமை அல்ல. எங்கள் நாட்டிலேயே ஒரு பெண் அதைச் செய்தார். கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா. பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்தும் நேரில் கதைத்தும் அவர்களின் தேவைகளை அறிந்து வீடுகளை அமைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பலரும் அங்கே குடியேறினார்கள். 1998இல் அவர் காலமானபோது நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். அவருடைய பெயரை நாங்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் மாணவி ஒருத்தி இன்று இந்த மண்டபத்தில் இருந்தால், அவளுக்காகவே இந்தப் பெயரை இங்கே சொல்லிவைக்கிறோம்.

இனி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த அருங்காட்சியகத்தில் ஐரோப்பியர்கள் மண்சுவரைப் பார்த்து வியந்து நின்றார்கள். எங்களுக்கு அவ்வளவு வியப்பு வரவில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், பனை வளை, பீலி ஓடு, நடுவில் முற்றம், வெளியில் திண்ணை என்று நாற்சார் வீட்டில் வளர்ந்த பாட்டிமாரின் பேத்திகள் நாங்கள். ஆனாலும் பழையதெல்லாம் பொன் என்று பாடுவதற்கு நாங்கள் வரவில்லை. கிடுகுக் கூரையில் தீப் பிடித்ததைக் கண்டிருக்கிறோம். மண்சுவர் இடுக்கில் இருந்த பாம்பு கடித்தவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம். மூங்கில் எங்கள் மண்ணின் மரமும் அல்ல. பனைகளில் எத்தனையோ போரில் பங்கருக்கும் காவலரணுக்கும் குற்றிகளாகப் போயின. மிஞ்சியதை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும், அது நல்லதும்தான். சுண்ணக்கல்லை அளவில்லாமல் தோண்டினால் அதற்குள் ஊறியிருக்கும் எங்கள் கிணற்று நன்னீர்தான் பாழாகும். ஆகவே சிந்துவின் மூங்கில் வீட்டை யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து நட முடியாது. கொண்டுவரக் கூடியது அந்த அம்மையாரின் பழக்கம்: முதலில் பாவிக்கப் போகிறவளைக் கேட்பது, பக்கத்தில் கிடைப்பதைப் பாவிப்பது, பழுதானால் ஊரவர்களே திருத்தக்கூடியதாகக் கட்டுவது.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். நூற்றாண்டு நினைவாகப் புதிய மூன்று மாடிக் கட்டடம் அமைப்பதற்கான வரைபடம் வாசலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் காசு சேர்த்தவர்களின் உழைப்பு எங்களுக்குத் தெரியும். நாங்களும் சேர்த்தோம். கட்டடக் குழுவினர் இரவு பகலாக ஓடித் திரிந்ததும் தெரியும். படம் அழகாகத்தான் இருக்கிறது. தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் கண்ணாடி, முழுமையான குளிரூட்டி, மேலே தட்டையான கொங்கிறீற். அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை என்ற துணிவில்தான் நான்கு கேள்விகளைக் கேட்கிறோம். அக்காமார் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது: மின்சாரம் இல்லாத நாளில் இந்தக் கட்டடம் என்ன செய்யும்? மேற்குக் கண்ணாடியில் மே மாதப் பின்னேர வெயில் விழும்போது குளிரூட்டி நின்றால் முந்நூறு பிள்ளைகள் உள்ளே இருக்க முடியுமா? எங்கள் பழைய வகுப்பறைத் தொகுதியில் விறாந்தை வெயிலைத் தடுக்கிறது, அரைச்சுவர் காற்றை விடுகிறது. அந்த அறிவைப் புதிய கட்டடத்திலும் சேர்க்கலாம். குளிரூட்டி ஒரு மண்டபத்துக்குப் போதும். மற்ற இடங்களுக்கு எதிர் எதிரே திறக்கும் யன்னலும் நீண்ட கூரைத் தாழ்வாரமும் போதும்.

இரண்டாவது: தண்ணீர் எங்கே போகும்? மாரியில் தட்டைக் கூரையிலும் அடைபட்ட பீலியிலும் தேங்கும் தண்ணீர் எங்களுக்கு டெங்கு நோயாளிகளை அனுப்பி வைக்கிறது. அதே தண்ணீரை மூடிய தாங்கிக்கு எடுத்தால் கோடையில் மரக்கன்றுக்கும் மலசலகூடத்துக்கும் உதவும். மிச்சத்தைச் சீமெந்துத் தரை தடுக்காமல் நிலத்துக்குள் விட்டால் கிணறு நன்றி சொல்லும்.

மூன்றாவது: ஊர் இங்கே வந்து ஒதுங்கும் நாளில், கீழ்மாடி வெள்ளத்துக்கு மேலே இருக்குமா? சக்கர நாற்காலியில் வருபவர் ஏறச் சாய்தளம் உண்டா? சமைக்கப் புகைபோக்கியுள்ள இடம் உண்டா? அப்படியொரு நாள் இனி வராது என்று யாராவது உறுதி தந்தால் இந்தக் கேள்வியை மீளப் பெறுகிறோம்.

நான்காவது: பிள்ளைகளிடம் கேட்டோமா? போன கிழமை நாங்கள் கேட்டோம். பத்தாம் வகுப்பு மாணவிகள் சிலரிடம், புதிய கட்டடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். திரையரங்கு மாதிரி மண்டபம், வைஃபை என்றுதான் சொல்வார்கள் என நினைத்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு ஒருத்தி சொன்னாள், "மிஸ், பூட்டக்கூடிய ரொய்லற்." இன்னொருத்தி சேர்த்துச் சொன்னாள், "உள்ளுக்குத் தண்ணியும், ஒரு வாளியும் மூடியோட, மாதவிடாய் நாளிலை வீட்டை போகாமல் இருக்கலாம்." அவர்களில் சிலர் இன்றும் காலையிலிருந்து வீடு போகும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. 1995க்கும் இன்றைக்கும் இடையில் இத்தனை வருடங்கள். போர் முடிந்துவிட்டது. அந்தப் பழக்கம் முடியவில்லை.

வரைபடத்தில் மலசலகூடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. மூன்று மாடிக்கும் சேர்த்துக் கீழே ஒரு மூலையில் இருக்கின்றன. நன்கொடையாளர் பட்டியலையும் வாசித்துப் பார்த்தோம். மண்டபத்துக்கு ஒரு பெயர், மேடைக்கு ஒரு பெயர், நூலகத்துக்கு ஒரு பெயர், மாடிப்படிக்குக்கூட ஒரு பெயர் உண்டு. மலசலகூடத்துக்கு மட்டும் நன்கொடையாளர் யாரும் இல்லை. காரணம் விளங்குகிறது. அம்மா அப்பாவின் பெயரை அந்த வாசலில் பொறிக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே 1999 உயர்தரப் பிரிவு சார்பில் ஓர் அறிவித்தல். எங்கள் பிரிவின் நாற்பத்தொரு பேரும் வட்ஸ்அப்பில் கதைத்துத் தீர்மானித்துவிட்டோம். ஒவ்வொரு மாடியிலும் மலசலகூடத் தொகுதி அமைப்பதற்கான செலவை நாங்கள் பொறுப்பேற்கிறோம். நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே பூட்டக்கூடிய கொளுக்கி இருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் எரியும் சூரியசக்தி விளக்கு இருக்க வேண்டும். வரைபடம் முடிவாகுமுன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். பராமரிப்புக்கு வருடாவருடம் ஒரு தொகை அனுப்புவோம். அதற்கும் எங்கள் கணக்காளரே பொறுப்பு. கல்வெட்டும் வைக்கலாம், எங்கள் பிரிவின் பெயரை வாசலிலேயே பொறிக்கலாம். எங்களுக்கு வெட்கமில்லை.

வேறு பிரிவினர் விரும்பினால் மழைநீர்த் தாங்கி இருக்கிறது, சாய்தளம் இருக்கிறது, புகைபோக்கியுள்ள குசினி இருக்கிறது. இவற்றுக்கும் இன்னும் பெயர் இல்லை. விழா முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் எங்கள் தோழி கொப்பியோடு இருப்பாள். அவளைக் கடந்து போவது கஷ்டம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

லாகூரில் அந்தப் பெண்கள் கோழியைப் பற்றிக் கேட்டபோது, அவர்களிடம் கேட்க வந்த ஒருவர் முன்னால் நின்றார். எங்கள் பிள்ளைகளும் ரொய்லற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். இனிப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.



(உரையாற்றியவர்: வைத்தியர், 1999 உயர்தரப் பிரிவு)